கிராம சபையில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் எழுதப் போகிறீர்களா?

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். இதுவரை மூன்று முறை கிராம சபைக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை எழுதியது வீண். எல்லோரும் கை தட்டினார்கள், நிறைவேறியது என்றார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், தீர்மானப் பதிவேட்டில் அந்தப் பொருளே இல்லை. அதனால் பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வருகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, "தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கிறோம்" என்பார்கள். விடாதீர்கள். கூட்டம் கலைவதற்குள் எழுதச் சொல்லி, பக்கத்தில் நின்று வரிவரியாக வாசியுங்கள். கடைசி வரிக்கும் தலைவர் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். நான் கேட்டபோது, கூட்டத்தைப் பார்க்க அரசு அனுப்பிய பற்றாளர் முறைத்தார். ஆனாலும் கோடு விழுந்தது. ஆள் எண்ணிக்கையும் முக்கியம். குறைவெண் வரம்புக்கு, அதாவது கூட்டத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்குக்கு, ஒருவர் குறைந்தாலும் கூட்டமே செல்லாது என்று சொல்ல வழி இருக்கிறது. நாற்று நடும் நாளாக இருந்தால் வீடு வீடாகப் போய்த்தான் அழைத்துவர வேண்டும்.

சரி, என்ன எழுதுவது? "மீத்தேன் திட்டத்தை எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. 2010-ல் இங்கே வந்தபோது அதற்குப் பெயர் மீத்தேன். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கைப்படி எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் பாறை எரிவாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும். பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் சிக்கும்படி அத்தனையையும் எழுதுங்கள். நீரியல் விரிசல் முறையையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

அது என்ன என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். ஆழ்துளை போட்டு, பாறைக்குள் குழாயைப் படுக்கை வசமாகத் திருப்பி, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் அடித்துப் பாறையைப் பிளப்பது. ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் போகும். ஒரு பகுதி உப்பும் ரசாயனமுமாகத் திரும்ப மேலே வரும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "மேட்டூரைத் திறக்கச் சொல்லி நாம உண்ணாவிரதம் இருக்கிறோம், இவனுக்கு யாருடா தண்ணி திறக்கிறது?" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிரான்ஸ் 2011-லேயே இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது என்பதையும் சொல்லலாம்.

அடுத்து, காவிரி டெல்டாவுக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதை அது தடுக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைத் தொடாது. ராமநாதபுரம் போல, அந்த மண்டலத்துக்கு வெளியே உள்ள மாவட்டங்களுக்கு அது பொருந்தாது. அங்கே இருப்பவர்கள் "எங்கள் வட்டாரத்தையும் மண்டலத்தில் சேர்க்க வேண்டும்" என்று கேளுங்கள். திட்டத்துக்காகக் கல் நட்ட இடம் இருந்தால் அதன் சர்வே எண்ணும் தீர்மானத்தில் வேண்டும்.

இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: வேண்டாம் என்றால் பதிலுக்கு என்ன வேண்டும்? நான் சோலார் பம்ப்செட் என்று எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். "மோட்டாருக்குக் கரண்ட் சும்மா வருது, பேனல் எதுக்கு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். இப்போதெல்லாம் ஊராட்சியே பில் கட்டும் இடங்களைத்தான் எழுதுகிறேன்: தெருவிளக்கு, டேங்க் மோட்டார், ஊராட்சி அலுவலகம். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. வீடுகளுக்கு 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தீர்மானத்தோடு அதற்கு ஒரு முகாமும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்த மறுவாரம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவேட்டில் தீர்மானம் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கைக்கு வந்த பிறகுதான் நான் ஊரில் யாரிடமும் "தீர்மானம் போட்டாச்சு" என்று சொல்வது.