மேலே கரி, உள்ளே பச்சை: வீட்டில் ஹாம் செய்யும்போது வரும் தவறுகள்

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன். "அண்ணா, மேலே கரிஞ்சு போச்சு, உள்ளே வேகவே இல்லை. இப்ப என்ன பண்றது?" பேசியவன் இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருடமே ஆன பையன். ஹாம், அதாவது உப்பில் பதப்படுத்தி வேகவைத்த பன்றித் தொடை, செய்கிறேன் என்று மறுநாள் மதியம் எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பல வருடம் முன்னால் இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன்.

மொட்டைக் கத்தி, சின்னத் தட்டு, ஃப்ரீசரில் இருந்து கடைசி நேரத்தில் எடுப்பது போன்றவை ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு ஊர் இறைச்சிக்கு இன்னொரு ஊர் குறிப்பு

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இங்கிலாந்துக் கடையில் 'கேமன்' என்று விற்பது உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை. புகை போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. இரண்டுமே பச்சை இறைச்சிதான். வெந்த பிறகே அதற்கு ஹாம் என்று பெயர். அமெரிக்காவிலோ கடையில் கிடைக்கும் ஹாம் பெரும்பாலும் முழுக்க வெந்தே வருகிறது. அங்கே வீட்டில் செய்ய வேண்டியது அதைச் சூடாக்கி மேலே இனிப்புப் பூசுவது மட்டும்.

நான் வாங்கியது மூன்றரைக் கிலோ கேமன், எலும்போடு. கையில் இருந்தது அமெரிக்கச் சமையல் குறிப்பு. ஓவன் 160 டிகிரி செல்சியஸ், அரைக் கிலோவுக்குப் பதினைந்து நிமிடம், கடைசியில் தேனும் பழுப்புச் சர்க்கரையும் பூசு என்றிருந்தது. வரிக்கு வரி அப்படியே செய்தேன். வெளியே எடுத்தபோது அரக்கு நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். எலும்புக்குப் பக்கத்தில் கத்தியை விட்டால் சதை ஜவ்வு மாதிரி வழுக்குகிறது, கண்ணாடி போல மினுங்குகிறது. வாயில் வைக்க முடியாத உப்பு வேறு. சரி என்று திரும்ப ஓவனுக்குள் தள்ளினேன். உள்ளே வேகுவதற்குள் மேலே இருந்த சர்க்கரை கரியாகிவிட்டது. வந்தவர்கள் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் இதில் சேர்த்தி. பதப்படுத்தும் உப்பில் இருக்கும் நைட்ரைட்டால் இந்த இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவேதான் இருக்கும். கோழியை வெட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிற மாதிரி இதில் முடியாது. இறைச்சியில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நுனி எலும்பில் படாமல், தடித்த இடத்தின் நடுவில் 70 டிகிரி காட்டி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நீர், இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு வெங்காயம், பத்துப் பன்னிரண்டு மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தண்ணீர் லேசாக அசைகிற அளவில் வைக்கிறேன். அரைக் கிலோவுக்கு இருபது நிமிடம், மொத்தத்துக்கும் மேலாக இன்னொரு இருபது. தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகிவிடும். வெப்பமானியில் பார்த்த பிறகுதான் வெளியே எடுப்பேன். அதன் பிறகு ஓவனுக்கு இருக்கும் ஒரே வேலை நிறம் ஏற்றுவது.

தலைகீழாகவும் நடக்கிறது. வெந்த ஹாமை வாங்கி வந்து இரண்டு மணி நேரம் வேகவைத்த ஒருவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தேங்காய் நார்.

பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் படியுங்கள்.

உப்பைக் குத்துமதிப்பாக விடுவது

ஓரத்தில் ஒரு துண்டு சீவி, எண்ணெய் விடாமல் வாணலியில் வாட்டித் தின்று பாருங்கள். உப்பு தூக்கலாக இருந்தால் ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் தண்ணீரில் ஊறட்டும். நேரம் இல்லையென்றால், முதல் கொதி வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி தொடங்கலாம்.

தோலோடு கொழுப்பையும் சீவி எறிவது

தோல் போக வேண்டும், கொழுப்பு இருக்க வேண்டும். இறைச்சி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது தோலுக்கு அடியில் விரலை விட்டு நகர்த்தினால், வெந்த உருளைக்கிழங்குத் தோல் போல உரிந்து வரும். ஓரங்களுக்கு மட்டும் கத்தி போதும். வெள்ளைக் கொழுப்பு அரை சென்டிமீட்டராவது நிற்கட்டும். அதில் வைரக் கட்டங்களாகக் கீறி, கீறல்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு கிராம்பு குத்துங்கள். கீறல் சதை வரை இறங்கினால் சாறு பொங்கி வந்து பூச்சைக் கழுவிவிடும்.

பூச்சை முன்கூட்டியே பூசுவது

தேனில் இருக்கும் பழச்சர்க்கரை, சாதாரணச் சர்க்கரையை விடச் சீக்கிரம் கருகும். அதனால் கடைசி அரை மணி நேரத்துக்குள்தான் பூச்சு, ஓவன் 200 டிகிரி. பழுப்புச் சர்க்கரை ஐந்து கரண்டி, கடுகு விழுது இரண்டு, தேன் இரண்டு, புளிப்புக்கு ஒரு கரண்டி வினிகர். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். தண்ணியாக இருந்தால் அடுப்பில் சுண்ட வையுங்கள், கம்பிப் பதம் வரை விட வேண்டாம்.

கொழுப்பின் மேல் ஈரம் இருந்தால் எதுவும் ஒட்டாது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாதியைப் பூசுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதி. அப்புறம் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

தட்டில் அலுமினியத் தாள் விரிக்காதது

வழிந்து கருகி ஒட்டிய பூச்சைச் சுரண்ட உளி தேவைப்படும்.

எடுத்தவுடன் அறுப்பது

இருபது நிமிடம் பொறுங்கள்.

வெந்த தண்ணீரைக் கொட்டுவது

ருசி பார்த்துவிட்டு வையுங்கள். கரிக்கவில்லை என்றால் மறுநாள் அதிலேயே காய்ந்த பட்டாணியைப் போட்டு, எலும்பையும் சேர்த்து சூப் வைக்கலாம். அந்தப் பையன் அன்றைக்கு கருகின மேல்பகுதியைச் சீவிவிட்டு, மீதியைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தான். எட்டுப் பேருக்கும் பட்டாணி சூப்தான் விருந்து. ஹாம் எங்கே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.