நெதர்லாந்துக்கு வேலைக்கு வருகிறீர்களா? கூட்டத்தில் வாயைத் திறவுங்கள்

ஐண்ட்ஹோவன் பக்கம் வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது வீடு, அரிசி, குளிர் ஜாக்கெட். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் காகித வேலையை மடமடவென்று முடித்துவிடலாம்.

வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதியுங்கள். பெரும்பாலும் கம்பெனியே எக்ஸ்பாட் சென்டரில் (வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான அலுவலகம்) நாள் வாங்கித் தரும். அங்கே கிடைக்கும் பிஎஸ்என் என்ற தனிநபர் அடையாள எண்ணில்தான் சம்பளம், வரி, காப்பீடு எல்லாம் தொங்கும். முகவரி பதிய விடமாட்டேன் என்கிற வீட்டுக்காரர் வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுக்கு 4 மாதம் கெடு. தள்ளிப்போட்டு லாபமில்லை, முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பணம் வாங்கிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களுக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் தரும் சலுகைக்கும் வேலையில் சேர்ந்த 4 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், எச்ஆரை நச்சரியுங்கள். 2027-லிருந்து அது 27 சதவீதம்தான். குடும்ப டாக்டரிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே பெயரைப் பதிந்து வையுங்கள். எதற்குப் போனாலும் பாராசிட்டமால் போடச் சொல்வார், அது வேறு கதை.

இனி என் கதை. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் ஒன்பது வருஷம் டிசைனில் இருந்துவிட்டு வந்தவள் நான். இங்கே இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒரு வருட ஒப்பந்தம். முதல் நாளே மேனேஜர் தன் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரிக்கு "ங்க" போடாமல் பேச வராது. ஐம்பத்தெட்டு வயது மனுஷனை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. மூன்று மாதம் அவரை எப்படியும் கூப்பிடாமலே ஓட்டினேன். எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன்.

நான்காவது மாதம் ஒரு டிசைன் ரிவ்யூ. எங்கள் குழுவிலேயே மூத்த இன்ஜினியர் போட்ட வரைபடம். எஃகு அடித்தளத்தில் இரண்டு பின்கள், மேலே அலுமினியத் தட்டு, தட்டில் இரண்டும் வட்டத் துளைகள். சூடேறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு துளையை நீள்துளையாக விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு பின்னில் இறுகிக்கொள்ளும். திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்றார். என் முகத்திலும் ஒரு நிமிஷம் நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இத்தனை பேர் முன்னால் ஒரு பெரியவரின் வரைபடத்தில் குறை சொல்வதா? பிறகு காபி மெஷின் பக்கம் தனியாகப் பிடித்து, மனசு நோகாமல் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊரில் அப்படித்தானே செய்வோம்? மறுநாள் போய்ப் பார்த்தால் அவர் மூன்று வாரக் கோடை விடுமுறையில் கிளம்பிவிட்டார். தட்டுகளுக்கு ஆர்டர் போனது. வந்தன, சோதனையில் சூடேறின, இறுகின. வாடிக்கையாளருக்கு ஐந்து வாரத் தாமதம்.

காரணம் தேடி மறுபடி கூடினார்கள். அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்றைக்கே நான் கவனித்தேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து. மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிந்தும் சொல்லவில்லையா?" அவ்வளவுதான் கேட்டார். வரைபடம் போட்டவர் தப்பு அவர்களுக்குத் தப்பாகவே படவில்லை, மனுஷன் என்றால் தவறுவான். தெரிந்ததை மறைத்தவள் நான்தான். நான் மரியாதை என்று நினைத்து விழுங்கியது அவர்கள் அகராதியில் நேர்மைக் குறைவு.

யாரும் கத்தவில்லை. இந்த இடத்தை இரண்டு தரம் படியுங்கள். கோயம்புத்தூரில் என் பழைய மேனேஜர் ஷாப் ஃப்ளோர் அதிரக் கத்துவார், சாயந்திரம் அவரே டீ வாங்கித் தருவார், விஷயம் அதோடு செத்துவிடும். இங்கே திட்டு விழாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இங்குள்ள மேனேஜரோ குறித்து வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கடிதம் வந்தது, புதுப்பிக்கவில்லை என்று. காரணமாக எழுதியிருந்தது, குழுவோடு வெளிப்படையாக இல்லை. வேலைத் திறமை பற்றிக் குறை ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது.

நம்மைப் போல விசாவில் வந்தவர்களுக்கு வேலை போனால் அடுத்தது தேட 3 மாதம்தான் தருவார்கள். எனக்குப் பத்தாவது வாரத்தில் கிடைத்தது. அந்தப் பத்து வாரமும் அம்மாவிடம் போனில் "வேலை நல்லா போகுதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் கீர்ட் ஹோஃப்ஸ்டெட என்பவரைப் படித்தேன். டச்சுக்காரர், டெல்ஃப்டில் மெக்கானிக்கல் படித்தவர், அதனாலேயே கொஞ்சம் நம்பினேன். 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டார். மேலே இருப்பவர் மேலேதான் என்பதைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார் என்பதற்கு அவர் வைத்த பெயர் அதிகார இடைவெளி. இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. ஒரு நாட்டையே ஒரு எண்ணில் அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ரிவ்யூ அறையில் நான் உட்கார்ந்திருந்தது இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான்.

இவர்கள் இப்படி ஆனதற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்பார்கள். நாட்டில் கால் பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. கரை உடைந்தால் பண்ணையார் வீடும் முழுகும், கூலிக்காரன் வீடும் முழுகும். அதனால் 13-ம் நூற்றாண்டிலேயே நீர் வாரியம் வைத்து, கூடிப் பேசிக் கரையைக் காத்தார்கள். அந்த வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. நம் ஊர்க் குடிமராமத்து நினைவுக்கு வரும். கரையில் ஓட்டையைப் பார்த்தவன், பெரியவர் மனசு நோகும் என்று சும்மா இருந்தால் என்ன ஆகும்?

இவர்கள் ஓவர்லெக் என்று ஒரு சொல்லை நாளுக்குப் பத்துத் தரம் சொல்வார்கள். கூடிப் பேசுவது என்று அர்த்தம். அதில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றே எழுதிக்கொள்வார்கள். "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்றால் நம் ஊரில் முடியாது என்று எல்லோருக்கும் புரியும். இங்கே அது வாக்குறுதி. முடியாது என்றால் முடியாது என்று சொல்லி, எப்போது முடியும் என்று தேதியும் கொடுங்கள். அந்த நிமிஷம் வாய் வரவில்லையா, அன்று மாலைக்குள் மெயில் போடுங்கள். காபி மெஷினை நம்பாதீர்கள். உங்கள் வேலையையும் முகத்துக்கு நேரே "இது நல்லா இல்லை" என்பார்கள், நெஞ்சு அடைக்கும். ஐந்து நிமிஷத்தில் அதே ஆள் ரொட்டியும் சீஸுமாக உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்.

இன்னொன்று, சின்ன விஷயம். இங்கே பிறந்தநாள்காரர்தான் ஆபீசுக்கு கேக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கலர் டிரஸ் போட்டு வகுப்பு முழுக்க ஆசை சாக்லேட் கொடுத்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. முதல் வருஷம் பட்டுச் சுடிதாரில் போய், யாராவது வாழ்த்துவார்கள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். அவர்கள் என் கேக்குக்குக் காத்திருந்தார்களாம். ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.