ஏஐயை வைத்துப் படிப்பதும் பாடம் நடத்துவதும்: வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள்

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சாட்பாட், அதாவது எழுதிக் கேட்டால் பதில் எழுதும் கருவி, வந்ததிலிருந்து, இதை மாணவர்கள் கையில் கொடுக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம் ஓயவே இல்லை. நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆகவே எப்படிப் பயன்படுத்தினால் படித்தது மனதில் தங்கும், எப்படிப் பயன்படுத்தினால் தங்காது என்று பேசுவதுதான் உருப்படியான வேலை.

முதலில் ஒரு ஆய்வு. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட 1000 மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் செய்தது, 2025இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்பாட். இன்னொரு குழுவுக்கு, விடையை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த சாட்பாட். மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும்தான். பயிற்சிக் கணக்கு போடும்போது முதல் குழு, புத்தகக் குழுவை விட 48% அதிகம் எடுத்தது, இரண்டாவது குழு 127% அதிகம். பிறகு ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட் வைத்திருந்த குழு, அதைத் தொடாத குழுவை விட 17% குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் கிடைத்த குழுவுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை, ஆனால் கூடுதல் லாபமும் இல்லை.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது வேறொன்று. குறைவாகக் கற்றவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. திரையில் சரியான விடை ஓடும்போது "ஆமாம், இது எனக்குப் புரிகிறது" என்று தோன்றிவிடும். அந்த உணர்வை நம்பவே கூடாது. கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன: யோசிக்கிற வேலை படிப்பவரிடமே இருக்க வேண்டும், மற்ற வேலையை ஏஐ செய்யட்டும்.

படிப்பவர்களுக்கு: கேட்பது ஏஐ, சொல்வது நீங்கள்

பெரும்பாலானவர்கள் "ஒளிச்சேர்க்கையை விளக்கு" என்று டைப் செய்து, வருவதைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இது புத்தகத்தைத் திரும்பப் படிப்பதற்குச் சமம், அதாவது பலன் குறைந்த வழிகளில் ஒன்று. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்கள் நினைவில் இருந்தது 42% அளவுதான். மறுபடி படிப்பதற்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56% இருந்தது. ஆக, ஏஐயை விளக்கம் சொல்ல வைப்பதை விடக் கேள்வி கேட்க வைப்பது மேல்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான் பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன என்று படிக்கிறேன். விடையைச் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பு எனக்கே தெரியும்படி அடுத்த கேள்வியைக் கேள். இரண்டு முறை தடுமாறினால் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு கொடு."

இதில் என்ன நடக்கும்? கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது, அதனால்தான் வெயில் என்று நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பதில், "தப்பு, அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம்" என்று முடித்துவிடாது. "அப்படியானால் வடபாதியில் கோடையாக இருக்கும் அதே மாதத்தில் தென்பாதியில் ஏன் குளிர்காலம்?" என்று கேட்கும். அங்கே நீங்கள் நிற்பீர்கள். அந்த நிற்கிற இடம்தான் பாடம். அதற்கு அப்புறம், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்று தெரிந்துகொண்டால் அது லேசில் மறக்காது, ஏனென்றால் உங்கள் சொந்த எண்ணம் உடைந்த இடத்தில் போய் அது உட்காருகிறது.

ஒரு எச்சரிக்கை. உரையாடல் நீண்டுகொண்டே போனால் ஏஐ தன் கட்டுப்பாட்டை மறந்து விடையைக் கொட்ட ஆரம்பிக்கும். "விடை வேண்டாம், கேள்வி மட்டும்" என்று மறுபடி ஞாபகப்படுத்துங்கள். 2025இல் சாட்ஜிபிடியில் ஸ்டடி மோட், கூகுளின் ஜெமினியில் கைடட் லேர்னிங் என்று இதற்காகவே தனி வசதிகள் வந்தன, கிளாட் என்ற ஏஐயிலும் அப்படி ஒன்று உண்டு. நல்லவைதான். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்பதால், கட்டுப்பாடு கடைசியில் உங்களிடம்தான் இருக்கிறது.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது: படித்து முடித்த பாடத்தை, எதையும் பார்க்காமல், போனில் வாய்ஸ் டைப்பிங் வைத்து உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று நிமிடம் சொல்லுங்கள். இழுத்து, தடுமாறி, பாதியில் நிறுத்தி, எப்படி வந்தாலும் சரி. அந்த எழுத்தை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, "இதில் எதை விட்டுவிட்டேன், எங்கே காரணம் சொல்லாமல் தாவியிருக்கிறேன், பட்டியல் மட்டும் போடு, திருத்தி எழுதாதே" என்று கேளுங்கள். வருகிற ஓட்டைகளைப் புத்தகத்தைத் திறந்து நீங்களே அடையுங்கள்.

கணக்காக இருந்தால், போட்ட வழிமுறையை நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பி, "எந்த வரியில் முதல் தப்பு என்று வரி எண் மட்டும் சொல்" என்று கேட்கலாம். கையெழுத்தை அது தப்பாகவும் படிக்கும், 1ஐ 7 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் "நீ படித்ததை அப்படியே எழுதிக் காட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மனப்பாடம் தேவைப்படுகிற வார்த்தைகள், சூத்திரங்கள், ஆண்டுகளுக்கு ஏஐ தேவையே இல்லை, ஆன்கி போன்ற ஃபிளாஷ்கார்டு (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை) செயலி போதும். 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் மறதியை அளந்து காட்டினார். மறக்கப்போகிற நேரத்தில் திரும்பப் பார்த்தால் ஞாபகம் நீளும் என்ற அடிப்படையில்தான் இந்தச் செயலிகள் வேலை செய்கின்றன. கார்டுகளை முடிந்தவரை நீங்களே எழுதுங்கள், எழுதுவதே பாதிப் படிப்பு.

நம்புவதற்கு முன் செய்ய வேண்டியது

ஏஐ அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. தேடு வசதி இல்லாமல் கேட்டால், அது எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் உண்மையும் கற்பனையும் ஒரே தொனியில், ஒரே நம்பிக்கையோடு வரும். பழந்தமிழ்ப் பாடல் ஒன்றை எண்ணோடு கேட்டுப் பாருங்கள், இல்லாத வரியை அழகான நடையில் எழுதிக் கொடுத்துவிடும். ஆண்டு, மேற்கோள், பக்க எண், பாடல் வரி, சட்டப் பிரிவு ஆகியவற்றை மூலத்தில் பார்க்காமல் நோட்டில் எழுதாதீர்கள்.

இதைக் குறைக்க ஒரு வழி, உங்கள் பாடநூலின் அந்த அத்தியாயத்தையே கொடுத்து "இதற்குள் இருப்பதை மட்டும் வைத்துச் சொல், எந்தப் பத்தி என்று காட்டு" என்பது. கூகுளின் நோட்புக்எல்எம் என்ற கருவி இதற்காகவே செய்யப்பட்டது, நீங்கள் ஏற்றிய பிடிஎஃப்பில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று சுட்டிக்காட்டும். அந்தச் சுட்டியை அழுத்தி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. பாடநூலில் முடுக்கம் என்று இருக்கும், ஏஐ ஆர்முடுகல் என்று எழுதும், அல்லது தானாக ஒரு சொல்லை உருவாக்கும். அத்தியாயத்தின் கலைச்சொற்களையும் சேர்த்து ஒட்டி "இந்தச் சொற்களையே பயன்படுத்து" என்று சொன்னால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

அப்புறம், ஏஐ உங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். அது சரியாகச் சொன்ன ஒன்றை "இல்லையே, தப்பு" என்று மறுத்துப் பாருங்கள், பல சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாற்றிவிடும். ஆகவே "நான் எழுதியது சரிதானே?" என்று கேட்காதீர்கள். "ஒரு மாணவர் இப்படி எழுதியிருக்கிறார், இதில் இருக்கும் பலவீனங்களைச் சொல்" என்று கேட்டால் நேர்மையான பதில் வர வாய்ப்பு அதிகம்.

ஆசிரியர்களுக்கு: உங்கள் அனுபவத்தை உள்ளே போடுங்கள்

"எட்டாம் வகுப்புக்குப் பின்னம் பற்றிப் பாடத்திட்டம் கொடு" என்று கேட்டால் யாருக்கும் பொருந்தாத ஒரு திட்டம் வரும். ஏஐ உங்களுக்கு உண்மையில் நேரம் மிச்சப்படுத்துகிற இடம் கேள்வித்தாள், அதிலும் தப்பான விடைகளைத் தயாரிக்கிற வேலை. விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு நல்ல வினாவில் தப்பான விடைகள்தான் உயிர். 1/2 + 1/3 எவ்வளவு என்பதற்கு 7, 9, 12 என்று விருப்பங்கள் கொடுத்தால் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 2/5 என்று ஒரு விருப்பம் இருந்தால், அதைத் தேர்ந்தெடுப்பவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார் என்று உடனே தெரியும். 2/6 என்று இருந்தால், பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். இதே மாதிரி 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்றால் 35 பெரிய எண் என்பதால் 0.35 என்பார்கள்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "பின்னக் கூட்டலில் மாணவர்கள் செய்யும் தவறுகள் இவை" என்று நீங்கள் வகுப்பில் பார்த்தவற்றை எழுதி, "ஒவ்வொரு தப்பான விடையும் இவற்றில் ஒன்றிலிருந்து வர வேண்டும், எந்தத் தவறு என்று பக்கத்தில் குறி, பத்துக் கேள்வி போடு". அந்தத் துருக்கி ஆய்விலும், குறிப்பு கொடுக்கும் சாட்பாட்டுக்குள் ஆசிரியர்கள் போட்டுவைத்தது இதைத்தான்: சரியான விடை, வழக்கமாக நடக்கும் தவறுகள், எப்படிக் குறிப்பு கொடுப்பது. பத்துக் கேள்வியில் ஒன்றிரண்டு சொதப்பும். விடைகளை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.

ஒரே பத்தியை மூன்று நிலைகளில் எழுதி வாங்குவதும் நல்ல பயன், தடுமாறிப் படிப்பவரும் வேகமாகப் படிப்பவரும் ஒரே வகுப்பில் ஒரே விஷயத்தைப் பேச முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உரையை வாசித்துக் காட்டும் வசதியும், காது கேளாதவர்களுக்கு வீடியோவில் ஓடும் எழுத்தும் எத்தனையோ பேருக்குக் கதவு திறந்திருக்கின்றன. தமிழில் தானாக வரும் வீடியோ எழுத்துகளில் பிழை நிறைய இருக்கும் என்பதால் முக்கியமான பாடத்துக்கு உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள். ஏஐ வரைந்த அறிவியல் படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதயத்தின் படம் பளபளவென்று இருக்கும், அறைகளின் பெயர் இடம் மாறியிருக்கும். கற்பவர் மனதில் தப்பான படம் ஒன்று பதிந்தால் அழிப்பது கஷ்டம்.

எல்லாரிடமும் கருவி இல்லாத வகுப்பென்றால் கவலை வேண்டாம். ஒரே ஒரு திரையில் ஏஐயின் பதிலைக் காட்டி "இதில் என்ன தப்பு?" என்று முழு வகுப்பையும் தேட விடுங்கள். பயம் இல்லாமல் பேசுவார்கள், ஏனென்றால் திருத்தப்படுவது சக மாணவர் அல்ல.

மாணவர் ஏஐயை வைத்து எழுதினாரா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவி ஏஐ எழுதியதில் 26%ஐத்தான் சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9%ஐ ஏஐ என்றது. 2023 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த ஒரு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61%ஐ ஏழு கருவிகள் ஏஐ எழுதியது என்று தவறாக முத்திரை குத்தின. எளிய சொற்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள்: இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய், இதற்கு எதிராக ஒருவர் என்ன சொல்லலாம்? சொந்தமாக எழுதியவர் தயங்கினாலும் சொல்லிவிடுவார். கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் எழுதிய வரலாறும் கிடைக்கும். முக்கியமான மதிப்பெண்ணை வகுப்பில் எழுதுவதற்கும் வாய்மொழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போடுகிற முடிவை ஏஐயிடம் விடாதீர்கள். கருத்து எழுத உதவி கேட்கலாம், ஆனால் மாணவரின் பெயர், மதிப்பெண், உடல்நிலை, புகைப்படம் எதுவும் உள்ளே போகக் கூடாது. "மாணவர் 1" என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என்று வைக்கச் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் வகுப்பில் ஆசிரியரோ பெரியவரோ பயன்படுத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு பாடத்தை எடுத்து, மேலே உள்ள, கேள்வி கேட்கச் சொல்லும் ப்ராம்ப்டை (ஏஐக்கு எழுதும் கட்டளையை) ஒரு வாரம் ஓட்டுங்கள். வாரக் கடைசியில் போனை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் அந்தப் பாடத்தை எழுதிப் பாருங்கள். தாள் நிரம்பினால் அடுத்த பாடத்துக்குப் போங்கள், நிரம்பாவிட்டால் ஏஐயிடம் நடந்த பழைய உரையாடலைத் திறந்து, எந்த இடத்தில் அது உங்களுக்காக யோசித்துவிட்டது என்று தேடி, அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.