கால்பந்து கிளப் உரிமையாளருக்கு எதிராக ரசிகர்கள் போராடுவது எப்படி: கோரிக்கையிலிருந்து பேச்சுவார்த்தை வரை

"உரிமையாளரே வெளியேறு" என்று கத்துவதில் தவறில்லை. ஆனால் பங்குகள் அவர் கையில் இருக்கும்வரை அவரை யாரும் வெளியே தள்ள முடியாது. வாங்க ஓர் ஆள் வரவேண்டும், விலை படிய வேண்டும், அதற்குப் பிறகுதான் போவார். இதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம். அதனால் கோரிக்கையை இரண்டாக வையுங்கள்: பெரியது, கிளப்பை விற்பது; சின்னது, அவர் நினைத்தால் இந்த வாரமே செய்து முடிக்கக்கூடியது. சின்னது இல்லாத போராட்டத்தில் கூட்டம் மூன்றாவது மாதமே கரையத் தொடங்கும், ஏனென்றால் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது.

சின்னக் கோரிக்கை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு லிவர்பூல் ரசிகர்கள் 2016 பிப்ரவரியில் செய்ததைப் பாருங்கள். புதிய மெயின் ஸ்டாண்டில் டிக்கெட்டின் உச்ச விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்தது. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லாண்டுடன் நடந்த ஆட்டத்தில், 77ஆவது நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், 77 பவுண்டு திட்டம் போனது, பழைய 59 பவுண்டே உச்ச விலையாக நின்றது. விலை, நிமிடம், கோரிக்கை மூன்றும் ஒரே எண். டிவியில் பார்த்தவர்களுக்குக் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் கணக்கைப் படியுங்கள்

பேனருக்குத் துணி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. பெரும்பாலான குழுக்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. இங்கிலாந்துக் கிளப்புகள் பெரும்பாலும் கம்பெனிகள். கம்பெனிகளின் அரசுப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அவற்றின் ஆவணங்களை இலவசமாகப் பார்க்கலாம். தேடவேண்டியவை நான்கு.

ஒன்று, கிளப்புக்கு மேலே இருக்கும் தாய் கம்பெனிகளின் சங்கிலி. 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டும். இரண்டு, ஆண்டுக் கணக்கில் வருமானத்தில் எத்தனை பங்கு சம்பளத்துக்குப் போகிறது, வட்டி எவ்வளவு, உரிமையாளரின் மற்ற கம்பெனிகளுக்குக் கிளப் கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு. மூன்று, எந்தச் சொத்தை யாரிடம் அடமானம் வைத்திருக்கிறார்கள். நான்கு, மைதானம் கிளப்பின் பெயரிலேயே இருக்கிறதா, தனிக் கம்பெனிக்கு மாற்றப்பட்டிருக்கிறதா. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தனியார் கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். தாமதமானால் அதுவே பணம் இறுகுகிறது என்பதற்கு ஓர் அறிகுறி.

மான்செஸ்டர் யுனைடெட்டை 2005இல் கிளேசர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுண்டு மதிப்பில் வாங்கியது. வாங்குவதற்கான கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. அதுவரை கடனில்லாத கிளப் அது. "பேராசைக்காரர்கள்" என்று பேனர் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "எங்கள் கிளப்பை எங்கள் பணத்தில் வாங்கினார்கள்" என்றால் கேள்வி வரும். அந்த வாக்கியம் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் கிடைக்கும்.

கணக்கைப் படித்தால் உரிமையாளருக்கு எங்கே வலிக்கும் என்பதும் தெரியும். பிரீமியர் லீக் கிளப்பில் டிவிப் பணமும் விளம்பரப் பணமும்தான் பெரிது. ஆயிரம் இருக்கை காலியாக இருந்தால் வரவு அதிகம் குறையாது, ஆனால் அந்தக் காட்சி உலகம் முழுக்கப் போகும், ஸ்பான்சர் முகம் சுளிப்பார். மூன்றாவது, நான்காவது டிவிஷனில் நிலைமை தலைகீழ். அங்கே டிக்கெட் வசூல்தான் உயிர். புறக்கணிப்பு உடனே கடிக்கும், அதே பல் வீரர்களின் சம்பளத்தையும் கடிக்கும். எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதை இந்த ஒரு வித்தியாசம்தான் தீர்மானிக்கவேண்டும்.

குழு

வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. பணம் திரட்டவும், கிளப்புடன் எழுத்தில் பேசவும் சட்டப்படியான அமைப்பு வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு வழக்கமான வடிவம் ரசிகர் டிரஸ்ட். சமூக நல சங்கமாகப் பதிவு செய்ய மூன்று உறுப்பினர் இருந்தால் போதும். எத்தனை பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து. வரவு செலவை மாதாமாதம் வெளியிடுங்கள். "பணத்தைச் சுருட்டுகிறார்கள்" என்ற புரளிதான் கூட்டத்தை உடைக்கும், அதற்கு உரிமையாளர் தரப்பு காசு கொடுக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

ஊடகத்திடம் பேச இரண்டு பேர் மட்டும். அவர்களுக்கு எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியம், அதைத் தாண்டி ஒன்றும் வேண்டாம். ஏற்கெனவே பல குழுக்கள் இருந்தால் அவற்றை ஒன்றாகக் கரைக்க முயலாதீர்கள், அது சண்டையில்தான் முடியும். சார்ல்டன் ரசிகர்கள் பெல்ஜிய உரிமையாளர் ரோலண்ட் டுஷாட்லேக்கு எதிராகத் தனித்தனிக் குழுக்களை ஒரு கூட்டணிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த முறை எளிது.

கேமராவுக்குத் தெரியும் பொருள்

யுனைடெட் ரசிகர்கள் 2010இல் பச்சையும் தங்க மஞ்சளும் கலந்த மஃப்ளரை எடுத்தார்கள். 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கிளப் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை. இந்தத் தேர்வில் பல லாபங்கள் இருந்தன: விலை குறைவு, கிளப் கடையில் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், எழுத்து இல்லாததால் வாசலில் பறிக்கக் காரணம் கிடையாது, ஒரு ஸ்டாண்டில் ஆயிரம் பேர் போட்டாலே திரையில் பளிச்சென்று தெரியும். மிலான் வீரராக யுனைடெட் மைதானத்தில் ஆட வந்த டேவிட் பெக்கம் ஆட்டம் முடிந்து அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் நிறம் மட்டும் யாரையும் விற்க வைக்காது. கிளேசர்கள் அதற்குப் பிறகும் கட்டுப்பாட்டை விடவில்லை. சின்னம் ஆட்களைச் சேர்க்கும். அழுத்தம் வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

பேனர் விஷயத்தில் செய்யும் தவறுகள் எப்போதும் ஒன்றேதான். எழுத்து சின்னது, வாக்கியம் நீளம். எதிர் ஸ்டாண்டிலிருந்தும் கேமராவிலிருந்தும் படிக்க எழுத்தின் உயரம் 50 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நான்கு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். வெளிர் துணியில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட்; பளபளக்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் எழுதினால் ஃபிளட்லைட் பட்டு ஒன்றும் தெரியாது. மேலிரண்டு மூலையிலும் நடுவிலும் பிடிக்க ஆள் வேண்டும், மூன்று மீட்டருக்கு ஒருவர். பெரிய பேனருக்குப் பல கிளப்புகள் தீப்பிடிக்காத் துணி என்ற சான்றிதழ் கேட்கும். அது இல்லாவிட்டால் வாசகத்தைப் பற்றிப் பேசாமலேயே தடுத்துவிடுவார்கள்.

நிமிடக் கணக்கு

வெளிநடப்போ மௌனமோ, நிமிடம் ஏன் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கவேண்டும். ஜெர்மன் ரசிகர்கள் 2012இல் பாதுகாப்பு விதிகளை எதிர்த்து ஆட்டத்தின் முதல் 12 நிமிடமும் 12 விநாடியும் வாய் திறக்கவில்லை. 12.12.2012 அன்றுதான் லீக் அதைப் பற்றி வாக்களிக்க இருந்தது. சத்தத்துக்குப் பேர்போன ஸ்டாண்டுகள் ஊமையாகிப்போனபோது டிவி வர்ணனையாளருக்கு அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர வழியில்லை.

வெளிநடப்பை நடத்தும்போது ஒரு சின்ன ஏற்பாடு முக்கியம். ஒவ்வொரு பிளாக்கிலும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பத்துப் பேர், சொன்ன விநாடியில் எழுந்து படியில் இறங்கவேண்டும். முதல் ஆள் எழுவதற்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுந்தால் பக்கத்து வரிசை தானே எழும். உட்கார்ந்திருப்பவர்களைத் திட்டாதீர்கள், அடுத்த முறை அவர்கள்தான் உங்களுக்கு வேண்டும்.

மைதானத்துக்குள் பொருள் வீசுவதைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். ஜெர்மன் லீக் தன் டிவி வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க 2023 டிசம்பரில் வாக்கெடுத்தது. 36 கிளப்பில் 24 ஆதரவு, தேவையான மூன்றில் இரண்டு சரியாக எட்டியது. அடுத்த வாரங்களில் ஆட்டத்துக்கு ஆட்டம் டென்னிஸ் பந்து மழை. ஹெர்தா-ஹாம்பர்க் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் முதலீட்டாளருடனான பேச்சைக் கைவிட்டது. பந்து மென்மையானது, யாரையும் காயப்படுத்தாது, உருண்டு எல்லா மூலைக்கும் போகும், பொறுக்கி முடிக்க நேரமாகும். டிவி நேர அட்டவணை குலையும். அது வேலை செய்த காரணம் இதுதான். ஆனால் இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றச் சட்டப்படி மைதானத்தை நோக்கி எதை வீசினாலும் குற்றம், பஞ்சாக இருந்தாலும். ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை இது பொருந்தும். அனுமதியில்லாமல் ஆடுகளத்துக்குள் இறங்குவதும் இதே சட்டத்தில் வரும். மைதானத்துக்குள் தீயும் புகையும் கக்கும் ஃபிளேர் வைத்திருந்தாலே 1985ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில் குற்றம்.

தண்டனையைவிடப் பெரிய அடி தடை உத்தரவு. சிறைத்தண்டனை இல்லாமல் தண்டிக்கப்பட்டால் 3 முதல் 5 வருடம், சிறையோடு வந்தால் 6 முதல் 10 வருடம் மைதானப் பக்கமே போக முடியாது. ஆடுகளத்துக்குள் இறங்கியதால் பிளாக்பூல்-ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஆட்டம் 2015 மே மாதத்திலும், ரெடிங்-போர்ட் வேல் 2024 ஜனவரியிலும் பாதியில் கைவிடப்பட்டன. தலைப்புச் செய்தி கிடைத்தது உண்மைதான். ஆனால் விலையைக் கொடுப்பது தனித்தனி ரசிகர். அமைப்பின் பெயரில் யாரையும் இதற்குத் தூண்டக்கூடாது.

ஊர்வலம்

மைதானத்துக்கு வெளியே ஊர்வலம் போவதுதான் குறைந்த ஆபத்தில் அதிகக் கூட்டம் காட்டும் வழி. குழந்தையோடு வருபவரும் சேரலாம். 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி ஆறு முழு நாளுக்கு முன் எழுத்தில் போலீசுக்குத் தேதி, தொடங்கும் நேரம், பாதை, பொறுப்பாளர் பெயர், முகவரி கொடுக்கவேண்டும். ஓரிடத்தில் நின்று கோஷம் போடும் கூட்டத்துக்கு இந்த அறிவிப்புத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைப்பது நல்லது.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் கூடி, 45 நிமிடம் இருக்கும்போது முடித்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வாசலில் நெரிசல் ஆகும். அப்போது பழி உங்கள் மேல். 50 பேருக்கு ஒரு தொண்டர், ஒரே நிற மேலாடை. பப்பிலிருந்து புறப்படும் பாதை வேண்டாம். குடித்தவர் ஒருவர் எறியும் பாட்டில்தான் மறுநாள் படமாக வரும்.

புறக்கணிப்பு

கடைசி ஆயுதம். படியாகப் போங்கள்: முதலில் கிளப் கடை, சாப்பாடு, ஆட்டத்தன்று விற்கும் மலர்; பிறகு புதிய சீசன் டிக்கெட்; அதற்குப் பிறகுதான் ஆட்டமே. ஏற்கெனவே பணம் கட்டிய சீசன் டிக்கெட்காரர் வராமல் இருந்தால் உரிமையாளருக்கு டிக்கெட்டில் நஷ்டமில்லை, அதனால் புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே அறிவிக்கவேண்டும். வெளியூர் ஆட்டங்களுக்குப் போவதைத் தடுக்காதீர்கள். அதுவும் போனால் கூட்டம் சிதறி, சேர ஓர் இடமே இல்லாமல் போகும்.

பிளாக்பூல் ரசிகர்கள் ஆய்ஸ்டன் குடும்பத்துக்கு ஒரு பென்னிகூடக் கொடுப்பதில்லை என்று வருடக்கணக்கில் சொந்த மைதானத்தை வெறுமையாக விட்டார்கள். ஆனால் குடும்பத்தை இறக்கியது புறக்கணிப்பு மட்டும் அல்ல. சிறுபான்மைப் பங்குதாரர் வலேரி பெலோகன் தொடுத்த வழக்கில் 2017 நவம்பரில் 31 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுக்கத் தீர்ப்பு வந்தது. முழுத் தொகை கொடுக்கப்படாததால் 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் கிளப்புக்கு நிர்வாகியை நியமித்தது. அடுத்த மாதமே 15,000க்கு மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். சிறுபான்மைப் பங்கு யாரிடம் இருக்கிறது, யாருக்குக் கடன் பாக்கி என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லைகள்

உரிமையாளர் வெளிநாட்டவராக இருந்தால் கோஷத்தில் இனத்தையோ நாட்டையோ இழுப்பவர்களை அன்றே வெளியேற்றுங்கள். பிளாக்பர்ன் கிளப்பை 2010இல் வாங்கிய புனேயின் வெங்கீஸ் குழுமம் கோழி வியாபாரம் செய்வதால் 2012இல் விகனுடன் நடந்த ஆட்டத்தில் மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். தொழிலைக் கேலி செய்வது வேறு. ஆளின் நிறத்தைக் கேலி செய்தால் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் உங்கள் நியாயத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். "திருடன்" என்று எழுதாதீர்கள், அவதூறு வழக்கு வரும். கணக்கில் இருக்கும் தொகையை எழுதினால் போதும். வீட்டு வாசலுக்கும் குடும்பத்தாரிடமும் போகவே கூடாது.

மேசையில் உட்காரும்போது

அழைப்பு வரும், பெரும்பாலும் ஒரு மோசமான ஆட்டத்துக்கு முன்னால், கூட்டத்தைக் கலைக்க. மூன்று பேர் போங்கள். பேசியதை எழுதி 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் இரு தரப்பும் உறுதி செய்யவேண்டும். எதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் உங்கள் உறுப்பினரிடமே நீங்கள் ஊமை. "பார்க்கிறோம்" என்ற பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள், அந்தத் தேதி வரை அடுத்த ஊர்வலத்தை ரத்து செய்யாமல் ஒத்திவைக்க மட்டும் செய்யுங்கள்.

கிளப் அசையவில்லை என்றால் 2025ஆம் ஆண்டின் கால்பந்து ஆளுகைச் சட்டம் இருக்கிறது. முதல் ஐந்து டிவிஷன் கிளப்புகளுக்கு உரிமம் கொடுக்கவும் உரிமையாளரின் தகுதியைச் சோதிக்கவும் தனி ஒழுங்குமுறை அமைப்பை அது உருவாக்கியது. ரசிகரிடம் கலந்து பேசுவதும் கிளப்பின் கடமை ஆகிறது. அங்கே அனுப்பும் புகாரில் கோஷம் எதுவும் வேண்டாம். கணக்கின் பக்க எண், தேதி, கிளப் கொடுத்த பதில், கொடுக்காத பதில், இவ்வளவுதான். மைதானத்தையே விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி அதைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிட நகரசபைக்கு விண்ணப்பியுங்கள். விற்பனையை அது நிறுத்தாது, ஆனால் விற்க முயன்றால் உங்களுக்குத் தகவல் வரும், ஏலம் கேட்க அவகாசமும் கிடைக்கும்.