ராத்திரி பதினொரு மணி ஆர்டர்களை நிறுத்துவது எப்படி?

ஆன்லைனில் பொருள் வாங்கும் ஆசையை அடக்கச் சொல்லும் பதிவு இல்லை இது. ஆசை வரத்தான் செய்யும். பணம் போகும் வழியைக் கொஞ்சம் கரடுமுரடாக்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பலித்தது இதுதான்.

முதலில், ஷாப்பிங் ஆப்பில் பழைய ஆர்டர்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், எதில் பணம் கட்டினீர்கள், இப்போது அந்தப் பொருள் எங்கே இருக்கிறது. என் பட்டியலில் முக்கால்வாசி ராத்திரி படுத்துக்கொண்டே போட்டவை. காய் நறுக்கும் சாதனம் மட்டும் இரண்டு வகை, இரண்டும் பரணில்.

அடுத்து நோட்டிஃபிகேஷன். மொத்தமாக அணைத்தால் டெலிவரி செய்தியும் வராது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், சலுகை விளம்பரங்களை மட்டும் அணையுங்கள்.

இனிதான் முக்கியமான இடம்: பணம் கட்டும் வழி. கார்டு சுலபம். ஆன்லைன் பரிவர்த்தனையை நாமே நிறுத்தவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கி ஆப்பில் அணைத்துவிடலாம். (அந்தக் கார்டில் ஓடிடி சந்தா ஓடினால் முதலில் அதை வேறு வழிக்கு மாற்றுங்கள்.)

என்னைச் சுற்றலில் விட்டது யூபிஐ. சம்பளக் கணக்கை எடுத்துவிட்டு, சில்லறைச் செலவுக்கென்று வைத்திருக்கும் கணக்கை மட்டும் இணைத்தேன். ஆனாலும் சம்பளக் கணக்கிலிருந்தே பணம் போய்க்கொண்டிருந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது: ஒரு யூபிஐ ஆப்பில் கணக்கை நீக்கினால் மற்ற ஆப்பில் அது அப்படியேதான் இருக்கும். சில ஷாப்பிங் ஆப்புகளுக்குள்ளேயே தனி யூபிஐ இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து நீக்க வேண்டும். ‘பிரைமரி’யை (தானாக முதலில் வந்து நிற்கும் கணக்கை) மாற்றினால் போதாது, பணம் கட்டும் திரையில் பழைய கணக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு விநாடி ஆகாது. அப்படியே ‘பே லேட்டர்’ (இப்போது வாங்கி, பணத்தைப் பிறகு கட்டும் கடன் வசதி) இருந்தால் அதையும் மூடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் மூட வேண்டியதே அதுதான்.

இதற்கெல்லாம் செலவுக்கணக்கு ஆப் வேண்டாம். அது பணம் போன பிறகுதான் பேசும். சுவரில் தொங்கும் நாள் காலண்டரே போதும். வாங்கத் தோன்றிய பொருளை, விலையோடு, பத்து நாள் தள்ளி இருக்கும் தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும் காலையிலும் வேண்டுமென்று தோன்றினால் வாங்குங்கள். பல தடவை, ‘இதை எதுக்கு எழுதினோம்’ என்றே நிற்பேன்.

இடையில் ஒன்று: ‘இன்னும் 2 மட்டுமே பாக்கி’ என்ற பொய் அவசரமும், கேட்காமல் கூடையில் சேரும் பொருளும் நம் பலவீனம் மட்டுமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுக்கும், ஆன்லைன் தளங்களின் 13 தந்திரங்களில் இவையும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

பின்சேர்க்கை: ‘எல்லாவற்றையும் மூடினாலும் கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறதே’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான், அதை அணைக்கும் பொத்தானை நான் எங்கும் பார்க்கவில்லை. சேமித்த முகவரியை அழித்துவிடுங்கள். கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், பாதியிலேயே தூக்கம் வந்துவிடுகிறது.