செட்டிநாட்டு வெயிலில் ஆக்சலாட்டல்: புதிதாக வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சலாட்டல் என்பது தவளைக்கு உறவான, பல்லி வடிவத்தில் தண்ணீருக்குள்ளேயே வாழும் உயிர். அதன் செவுள் தலைக்கு வெளியே இறகுபோல் விரிந்திருக்கும். போன சித்திரையில் தேவகோட்டையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஆக்சலாட்டல் வாங்கி ஒன்பது நாளாச்சு. ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது. செவுள் எல்லாம் முன்பக்கமா மடிஞ்சு கிடக்கு."

"தண்ணி எத்தனை டிகிரி இருக்கு?"

"சில்லுன்னுதான் மாமா இருக்கு. வளவு முற்றத்துத் தாழ்வாரத்துல, வெயிலே படாத இடத்துலதான் வச்சிருக்கேன்."

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். 30 டிகிரி.

நம் பக்கத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. வெளியே அனல் அடித்தாலும் உள்ளே கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் கல் நம் காலின் சூட்டை உறிஞ்சுவதால்தான் அந்தக் குளிர்ச்சி தெரிகிறது. தொட்டித் தண்ணீர் அப்படியில்லை. ஓரிரு நாளில் அறைக் காற்றின் சூட்டுக்கே அது வந்துவிடும். கையை விட்டுப் பார்த்துச் சொல்லும் கணக்கு இங்கே உதவாது. தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த உயிரை வாங்கவே கூடாது.

ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் குளிர்ந்த நீருக்குப் பழகிய உடம்பு இது. 16 முதல் 18 டிகிரி வரை சுகமாக இருக்கும். 20ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 24ஐத் தாண்டி நாள்கணக்கில் விட்டால் சாப்பாட்டை நிறுத்தும், தோலில் பஞ்சுபோல் பூஞ்சை பிடிக்கும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

தண்ணீர்ப் பரப்பில் காற்றடிக்கும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஊட்டியில் இருப்பவருக்கு அது போதும். காரைக்குடியில் சித்திரை, வைகாசியில் போதாது. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வேண்டும், இல்லையென்றால் இரவும் பகலும் ஏசி ஓடும் அறை வேண்டும். விலங்கைவிடச் சில்லர்தான் விலை அதிகம். அந்தச் செலவுக்கு இப்போது வழியில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். இதை மனம் நோகச் சொல்லவில்லை, அதன் உயிரை நினைத்துத்தான் சொல்கிறேன். சில்லர் பின்பக்கமாக வெப்பக் காற்றைத் தள்ளும். அதை மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டிலேயே திணறும்.

ஐஸ் பாட்டில் போடுவது நான் செய்த தவறு. என் முதல் ஆக்சலாட்டலுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று உறைந்த பாட்டில்களை மிதக்கவிட்டேன். காலை பத்து மணிக்கு 19, மத்தியானம் மூன்று மணிக்கு 27. இந்த ஏற்ற இறக்கமே அதை வாட்டியது. வால் நுனி சுருண்டு கொக்கிபோல் நின்றது நினைவிருக்கிறது. அது வேதனையின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஐஸ் பாட்டிலைக் கரண்டு போகும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே.

சூட்டுக்கு அடுத்தது அவசரம். தொட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே விலங்கை விடுகிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைப்பு. ஆனால் விலங்கின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், கண்ணுக்குத் தெரியாது. இந்த பாக்டீரியா வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். விலங்கு இல்லாத வெறும் தொட்டியில் அம்மோனியா சேர்த்து அந்த பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே உள்ளே விட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நம் வெயில் துணை. வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா வேகமாகப் பெருகும், அதனால் அந்த வாரங்களில் சில்லரைப் போட வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? அக்கா மகனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டப்பில், ஏசி அறையில் வையுங்கள். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் தொட்டி தயாராகட்டும். அவன் அப்படித்தான் செய்தான். ஐந்தாம் நாள் செவுள் பின்னால் விரிந்தது, ஆறாம் நாள் ஒரு மண்புழுவை 'லபக்'கென்று உறிஞ்சியது.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மொட்டைமாடித் தொட்டியின் மத்தியானத் தண்ணீர் குளிக்கவே ஆகாது, இதற்கு எப்படி ஆகும்? முதல் நாள் இரவே வாளியில் பிடித்து, ஏசி அறையில் ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனாலும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சோதியுங்கள், 7.4 முதல் 7.6 வரை இருந்தால் மிக நல்லது. வளவில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடிப்பது நம் வீட்டு வழக்கம். சமைக்க அருமையான தண்ணீர், ஆனால் தொட்டியில் அதை மட்டும் ஊற்றினால் ஆகாது, அதில் தாது உப்பு இல்லை. ஆக்சலாட்டலுக்குத் தாது உப்பு கலந்த கடினத் தண்ணீர்தான் பொருந்தும்.

வீடு கட்டி மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்லைத் தொட்டி அடியில் அழகுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிமென்ட், சாயம் சேர்த்துச் செய்த கல். சுண்ணாம்பு கரைந்து பிஎச் ஏறும். கூழாங்கல் அதைவிட ஆபத்து. இது இரையைக் கடித்துத் தின்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. கல்லும் சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். குட்டிக்கு வெறும் தரை போதும், வளர்ந்ததற்கு மிக நைஸான மணல். ஒளிந்துகொள்ளச் சாயம் பூசாத மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி வையுங்கள். கண்ணுக்கு இமை கிடையாது, அதனால் பளீர் விளக்கும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மண்புழு முதல்தரம். பூச்சிமருந்து படாத தோட்டத்து மண்ணிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுங்கள். உரக்குழியில் வளரும் சிவப்பு வரிப்புழு கசக்கும், பல ஆக்சலாட்டல்கள் துப்பிவிடும். குட்டிக்குத் தினமும், பெரியதுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. துணைக்குக் கப்பி மீன் விடாதீர்கள், செவுளைக் கடித்துக் குதறும். இரண்டு குட்டிகளை ஒன்றாக விட்டாலும் ஒன்றின் காலை ஒன்று கடிக்கும். கால் மறுபடி முளைக்கும் என்பது உண்மைதான், அதற்காக வலிக்கவிடலாமா?

பூஞ்சை கண்டவுடன் மீன் மருந்தை ஊற்றாதீர்கள். தோல் வழியாகவே எல்லாம் உள்ளே இறங்கும் உயிர் இது. தாமிரம், மாலக்கைட் கிரீன் கலந்த மருந்து கொன்றுவிடும். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், சூட்டைக் குறையுங்கள், தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

ஆக்சலாட்டல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடான சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனம். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் 2024 விதிகளின்படியும், வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் ரசீதும், அது எங்கே பிறந்தது என்பதற்கான தாளும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே வாங்காமல் திரும்பிவிடுங்கள்.