இருபது சர்வர்களுக்கு ஒரே ஸ்கிரிப்டில் எஸ்எஸ்எச் சாவி

தூரத்துச் சர்வருக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் எஸ்எஸ்எச் வழியாக நுழைய, நம் சாவியை அங்கே போட்டுவைக்க வேண்டும். ஒரே ஒரு சர்வர் என்றால் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்று அடித்து பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இருபது சர்வர் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட்தான் சரி. லூப் எழுதுவது சுலபம், கவனம் தேவைப்படுவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் எஸ்எஸ்எச்-கீஜென் மூலம் இடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவிக்கே ஒரு பாஸ்வேர்டு, கட்டாயம் வையுங்கள், திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்டில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்காது. சர்வர் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹோஸ்ட் கீ, அதாவது சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவி. அதைச் சரிபார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்கை 'நோ' என்று வைத்தால் தொல்லை விட்டது என்பார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் நடுவில் வேறொரு மெஷின் உங்கள் சர்வர் போலப் பதில் சொன்னாலும் ஸ்கிரிப்ட் அதையே நம்பிவிடும். எஸ்எஸ்எச்-கீஸ்கேன் மூலம் எல்லாச் சர்வர்களின் கீகளையும் திரட்டி, சர்வரின் கன்சோலில் தெரியும் ஃபிங்கர்பிரின்டோடு (கீயின் சுருக்க அடையாளம்) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, நம்பகமான சர்வர்களின் பட்டியலான நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேருங்கள். கீஸ்கேன் திரட்டித் தரும், அவ்வளவுதான்; சரிபார்க்காது.

ஒவ்வொரு சர்வருக்கும் பாஸ்வேர்டைத் தானாகக் கொடுக்க எஸ்எஸ்எச்பாஸ் போதும். ஆனால் 'பி' ஆப்ஷனில் நேரடியாக எழுதினால் அது ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். ரீட் கட்டளையில் திரையில் காட்டாமல் வாங்கி, என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து, 'இ' ஆப்ஷனைக் கொடுங்கள். லூப் முடிந்ததும் அன்செட் செய்து அதை அழித்துவிடுங்கள்.

லூப்புக்குள் ஒவ்வொரு சர்வருக்கும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி ஓடட்டும், அது போட்ட சாவியை மறுபடி போடாது என்பதால் ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டினாலும் பயமில்லை. உடனே அதே லூப்பில் எஸ்எஸ்எச் போட்டுச் சோதியுங்கள். பேட்ச்மோட் 'யெஸ்' என்றிருக்க வேண்டும், அப்போதுதான் பாஸ்வேர்டு கேட்காமல், சாவி செல்லாவிட்டால் தோற்கும். ஐடென்டிட்டீஸ்ஒன்லியையும் 'யெஸ்' ஆக்கிப் புதுச் சாவியின் பாதையைக் கொடுங்கள், இல்லையென்றால் ஏஜென்டில் கிடக்கும் பழைய சாவியில் நுழைந்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லும். கனெக்ட்டைம்அவுட் 5 நொடி.

நான் ஒரு மாலை முழுக்கத் தேடிய பிரச்சினை இங்கேதான் இருந்தது: முதல் சர்வர் முடிந்ததும் லூப் நின்றுவிட்டது, எரரும் இல்லை. வைல் ரீட் லூப்புக்குள் ஓடும் எஸ்எஸ்எச், மீதிச் சர்வர் பட்டியலைத் தன் இன்புட் என்று படித்து முடித்துவிடுகிறது. அந்தச் சோதனை எஸ்எஸ்எச் கட்டளையில் 'என்' ஆப்ஷன் சேர்த்தால் சரியாகிவிடும்.

தோற்ற சர்வர்களைத் தனி ஃபைலில் எழுத வையுங்கள். அங்கே போய் முதலில் பார்க்க வேண்டியது பர்மிஷன்: டாட்-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு-கீஸ் ஃபைலுக்கு 600. ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிந்தாலும், சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்எச்டி சாவியை ஏற்காது.

தோற்றவர் பட்டியல் காலியான பிறகு, பாஸ்வேர்டில் நுழைவதை நிறுத்த, எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் பாஸ்வேர்டுஆதென்டிகேஷனை 'நோ' ஆக்குங்கள். ஒரு செஷனைத் திறந்தே வைத்துக்கொண்டு, சின்ன 'டி' ஆப்ஷனில் எஸ்எஸ்எச்டியை ஓட்டி கான்ஃபிக்கில் பிழை இல்லையென்று பார்த்து, ரீலோட் செய்து, இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் ஆன பிறகே பழையதை மூடுங்கள்.